அட்சரசுத்தமும் முக்காற்புள்ளியும்

"பால்" என்று தட்டினால் இயந்திரம் "பல்" என்றது.

கணினிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் தட்டினார். ஒலிபெருக்கியில் வந்த பெண்குரல் முன்பைவிடத் தெளிவாக "பல்" என்றது. "காது" போட்டார், "கது" என்றது. "வீடு" போட்டார், "விடு" என்றது, இத்தோடு நிறுத்திக்கொள் என்பதைப் போல.

திங்கட்கிழமை காலை பத்து மணி. உச்சரிப்பு அகராதி அலுவலகத்தின் நடுமேசையைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். முதலில் ஆசிரியரம்மா. இந்த அகராதியை முதல் பக்கத்திலிருந்து தூக்கிச் சுமப்பவர். "அகராதியில சேர்க்கலாம், எதையும் அழிக்கக் கூடாது" என்பது அவருடைய வேதம். அவருக்குப் பக்கத்தில் மெய்ப்புத் திருத்துபவர். கழுத்தில் எப்போதும் ஓர் உருப்பெருக்கி தொங்குவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். ஒரே குறி இரண்டு முறை விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டால் ஒன்றை வெட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். மூன்றாவது கணினிக்காரர், அதிகம் பேசாதவர். எது கெட்டுப்போனாலும் முந்தின இரவு எடுத்த பிரதியைக் கொண்டுவந்து போட்டுவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பாதி நேரம் அது பலிக்கவும் செய்யும்.

நான்காவது ஆள்தான் நம் ஆள், தட்டச்சர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. "அட்சரசுத்தம்" என்றால்தான் தெரியும். அவர் தட்டினால் பிழை வராது என்பது ஊரறிந்த விஷயம். போன ஆண்டு விழாவில் "பிழையறியா விரல்கள்" என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வீட்டில், நிலைக்கதவுக்கு மேல், நுழைகிறவர் நெற்றியில் இடிக்கிற உயரத்தில் மாட்டியிருந்தார். இரண்டு விருந்தாளிகளுக்கு வீக்கமும் கண்டிருந்தது.

அந்த அட்சரசுத்தம் இப்போது பூதக்கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் மெல்ல நகர்ந்து நின்றார்.

காரணம் இதுதான். தமிழில் "காகம்" என்று எழுதினால் இரண்டு க-வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சொல்லும்போது முதல் க வேறு, இரண்டாவது க வேறு. புதிதாகத் தமிழ் படிக்க வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இந்த அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், சதுர அடைப்புக்குள், அதைச் சொல்லும் விதம் ஒலிக்குறி எழுத்துகளில் இருக்கும். அவை விநோதமான பிறவிகள். ண-வுக்கு n காலில் கொக்கி மாட்டிக்கொள்ளும். ழ-வுக்கு r தலைகீழாக நின்று வாலும் வைத்துக்கொள்ளும். நெடிலுக்கு, எழுத்தின் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பொடி முக்கோணங்கள் நிற்கும். அதற்கு நீட்டல் குறி என்று பெயர்.

இந்த நீட்டல் குறி விசைப்பலகையில் கிடையாது. குறிப்பட்டியலைத் திறந்து, தேடி, சொடுக்கி, மூட வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, வீட்டுக்குப் போகும் பேருந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், இன்னும் முப்பது சொற்கள் பாக்கி இருந்தன. பக்கத்திலேயே முக்காற்புள்ளி இருந்தது, ஒரே தட்டு. அதைப் போட்டுப் பார்த்தார். paːl என்பதும் pa:l என்பதும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. மறுநாள் பூதக்கண்ணாடி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டே "சரி" போட்டுவிட்டார். அன்றிலிருந்து அட்சரசுத்தம் நீட்டல் குறியின் முகத்தில் விழிக்கவே இல்லை.

தாளில் அச்சடித்தவரை குடி முழுகவில்லை. ஆனால் கணினிக்கு முகம் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. முக்காற்புள்ளி ஐம்பத்தெட்டு, நீட்டல் குறி எழுநூற்று இருபது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே முகம் இருந்தாலும் வாத்தியாரின் பதிவேட்டில் வேறு வேறு எண் இருப்பதைப் போல. இப்போது அகராதியை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரம் வந்திருந்தது. எழுநூற்று இருபதைப் பார்த்தால் நீட்டும். ஐம்பத்தெட்டைப் பார்த்தால் அதற்கு என்ன வந்தது?

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, அகராதிக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவி நேரில் வந்து இயந்திரத்தைச் சோதிக்கப்போகிறார். தேறினால் இரண்டாம் தொகுதி உண்டு. அட்சரசுத்தத்துக்குப் பிரிவுத் தலைவர் பதவியும், ஜன்னலோரக் கண்ணாடி அறையும் உண்டு. தேறாவிட்டால், தப்பு யாருடையது என்று தோண்டுவார்கள். தோண்டினால் பதினோரு வருடப் பெயர் ஒரே நாளில் காற்றில் பறந்துவிடும்.

"இத ஒரு பெரிய விஷயமாக்க வேணாம்," என்றார் ஆசிரியரம்மா, யார் முகத்தையும் பார்க்காமல். "அவங்கவங்க வேலைய அமைதியாப் பாருங்க. தானா சரியாயிடும்."

"மெய்ப்புல எல்லாம் சரியாத்தான் இருந்தது," என்று பூதக்கண்ணாடி கேட்காமலே சொன்னார். கணினிக்காரர் காலருக்குள் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டார். எல்லாரும் கலைந்ததில் அட்சரசுத்தத்துக்குப் பெரிய நிம்மதி.

மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, அவர் வாசல் மேசைக்குப் போனார். அங்கே தொலைபேசி அக்கா இருந்தார். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்குப் பார்வை இல்லை. அவருடைய கணினி திரையில் உள்ளதையெல்லாம் காதில் வாசித்துக் காட்டும். வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தாக, பெயர் சொல்லி. அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒன்றாகத் தெரியும் இரண்டு குறிகளைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அட்சரசுத்தம் வாயைத் திறப்பதற்குள், "பால் இருக்கற பக்கமா சார்?" என்று கேட்டார் அக்கா.

அவர் அசந்துபோனார். என்ன கூர்மை! அக்கா பக்கத்தைத் திறந்து, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி அவரும் கேட்கும்படி வைத்தார். கணினி ஒவ்வொன்றாகப் படித்தது. பி. ஏ. முக்காற்புள்ளி. எல்.

"நீட்டல் குறின்னு சொல்லலையா அக்கா?"

"முக்காற்புள்ளிதான் சார். அது பொய் சொல்லாது."

அட்சரசுத்தம் குரலைத் தாழ்த்தினார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சார். சத்தியம்." வார்த்தை தங்குதடையில்லாமல் வந்தது, அன்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தவர் போல. பிறகு சற்றுத் தயங்கி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசிவிட்டால் நல்லதென்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். அட்சரசுத்தம் பதறிப்போய், பேசினால் தன் தலை போய்விடும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

மாலை ஐந்து மணிக்கு அறை காலியானதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார். வேலை என்ன வேலை! முக்காற்புள்ளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நீட்டல் குறி போடு என்று ஒரு கட்டளை. கணினி அரை நிமிடம் யோசித்துவிட்டு, "41,208 இடங்களில் மாற்றப்பட்டது" என்றது. பதினோரு வருடப் பாவம் அரை நிமிடத்தில் கழுவப்பட்டது. அட்சரசுத்தம் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்று மனைவி கடைக்கு எழுதி வைத்திருந்த சாமான் பட்டியலில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தியும் கொடுத்தார்.

செவ்வாய் காலை இயந்திரம் "பல்" என்றது.

அவருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கணினிக்காரரைப் பார்த்தார். அவர், "நான் நேத்து சாயந்தரம் ஆறு மணிக்கு இங்க இல்லவே இல்ல சார்," என்றார். யாரும் அவரை அதைக் கேட்கவில்லை. மதியம் அக்காவிடம் போனால், அதே பக்கம், அதே குரல்: முக்காற்புள்ளி. நாற்பத்தோராயிரம் புள்ளிகளும் போன வழியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

சரி, சேமிக்க மறந்திருப்போம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அப்படி மறக்கிற ஆள் அவர் இல்லை என்பது அவருக்கே தெரியும். இந்த முறை ஏழு மணிவரை காத்திருந்தார். போதாக்குறைக்கு, எங்கேயும் ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாதென்று, "எல்லாக் கோப்புகளிலும்" என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டார். அகராதியில் அதே 41,208. மற்றக் கோப்புகளில் எத்தனை என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை இயந்திரம் "பாஅஅஅஅல்" என்றது.

ஆடு கத்துவதைப் போல இருந்தது. அதோடு விட்டதா? சொல்லின் கீழே "காண்க:" என்று ஒரு குறிப்பு இருக்கும் அல்லவா, அந்த முக்காற்புள்ளியும் நீட்டல் குறியாகிவிட்டதால், "காண்கஅஅ" என்று இழுத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போனது. "வீடு" இப்போது "வீஇஇஇஇடு" ஆயிற்று. ஆசிரியரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் எதையும் அழிக்கலையே," என்று வாய்க்குள் முணுமுணுத்தார். பூதக்கண்ணாடி ஒரு பக்கத்தை அச்செடுத்து உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, மூக்கு தாளில் படும்படி குனிந்தார். அவர் கண்கள் பளிச்சிட்டன.

அக்காவின் கணினி, நீட்டல் குறி, நீட்டல் குறி என்று இரண்டு தரம் சொல்லிற்று.

"ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு சார்," என்றார் அக்கா. "நான் திரும்பவும் சொல்றேன், எல்லாரும் ஒண்ணா உக்காந்து..."

அட்சரசுத்தத்துக்குக் கேட்கப் பொறுமை இல்லை. யார் செய்த சூனியமோ, குறி குட்டி போட்டிருக்கிறது. குட்டியை எடுத்துவிட்டால் முடிந்தது. மாலை ஆறரைக்கு உட்கார்ந்து, இரட்டையாக நிற்பதையெல்லாம் ஒற்றையாக்கு என்றார். கணினி, "0 இடங்கள்" என்றது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் பூஜ்யம். காலையில் தன் காதால் இரட்டையைக் கேட்டவர் அவர். கணினி பொய் சொல்கிறதென்றே முடிவுகட்டினார். ஜோடியாகத் தேடினால் ஒளிந்துகொள்கிறது, சரி. ஒற்றையாகத் தேடி இடத்துக்கு ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது மிஞ்சத்தானே வேண்டும்? நீட்டல் குறியை எடு என்றார். "41,208 இடங்களில் நீக்கப்பட்டது" என்று வந்தது. இரட்டை இரட்டையாக இருந்தால் எண்பத்திரண்டாயிரம் அல்லவா வர வேண்டும், கணக்கு இடிக்கிறதே என்று புத்தி சொல்வதற்குள், பிழையறியா விரல் சேமித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை இயந்திரம் சுத்தமாக, கணீரென்று, "பல்" என்றது.

அக்காவின் கணினி பி, ஏ, எல் என்றது. நடுவில் ஒன்றுமே இல்லை. முக்காற்புள்ளியும் இல்லை, நீட்டல் குறியும் இல்லை. பதினோரு வருட அகராதியில் இனி எது குறில், எது நெடில் என்று கண்டுபிடிக்க ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. அட்சரசுத்தம் அப்படியே பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் தள்ளி வைத்தார்.

கணினிக்காரரிடம் போய், பேச்சுவாக்கில் கேட்பதைப் போல, பழைய பிரதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கணினிக்காரரின் முகம் வெளிறியது. ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், அது தினம் இரவு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே அதுவும் இப்போது இருப்பதேதான் என்றார். சொல்லிவிட்டு, அட்சரசுத்தத்தைவிட அதிகமாக வருத்தப்பட்டார். நல்ல மனிதர்.

அன்று சாயங்காலம் வீட்டில் அட்சரசுத்தம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் பித்தளைத் தகடு இருந்தது. மனைவி இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பேருந்து, முப்பது சொற்கள், முக்காற்புள்ளி, ஐம்பத்தெட்டு, எழுநூற்று இருபது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மனைவியின் முகத்தில் பூத்த சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"பதினோரு வருஷமாவா?"

"பதினோரு வருஷமா."

"என் சாமான் லிஸ்ட்ல ஒத்துப்பிழை பார்த்த மனுஷன்," என்றார் அவர். "என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைய வாங்கினதும் வாழ்த்து சொல்லாம பேனாவ எடுத்த மனுஷன். அப்பாடா. நீங்களும் நம்மள மாதிரிதான்."

"இது சிரிக்கிற விஷயமா?"

"இல்லதான். ஆனா எனக்குச் சிரிப்பு வருதே, என்ன பண்ண?"

சிரித்து முடித்ததும் அவர் எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகரப் பிஸ்கட் டப்பா ஒன்றை இறக்கிக்கொண்டு வந்து, கணவர் மடியில் வைத்தார். அட்சரசுத்தத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் முழு அகராதியையும் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். தான் செத்த பிறகும் தன் சுத்தத்துக்குச் சாட்சி வேண்டுமாம். குறுந்தகடுகள், பென்டிரைவுகள் என்று டப்பா கழுத்துவரை நிரம்பியிருந்தது. வருடா வருடம் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதைத் தூக்கிப் போடுவது பற்றி அவர்களுக்குள் ஒரு சண்டை நடக்கும். வருடா வருடம் மனைவிதான் தோற்பார்.

"போன சனிக்கிழம கொண்டாந்தது மேலாப்புல இருக்கு," என்றார் மனைவி. "இந்த ஒரு சண்டையில தோத்ததுக்காக நான் சந்தோஷப்படறேன். சாப்பிட்டுட்டு யோசிங்க."

அவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிடப் புத்தி தெளிந்தது. ஒலிக்குறி எல்லாம் சதுர அடைப்புக்குள் மட்டும்தானே இருக்கிறது? அடைப்புக்குள் இருக்கும் முக்காற்புள்ளியை மட்டும் மாற்ற வேண்டும். வெளியில் இருப்பதைத் தொடக் கூடாது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இன்னொன்றையும் முடிவு செய்தார். காரியம் ஜெயிக்கட்டும், தோற்கட்டும், நாளை எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவர் திகைத்து நின்றார். ஒரு நாளும் பத்துக்கு முன் வராத ஆசிரியரம்மா தன் அறையில் தட்டிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி உருப்பெருக்கியைத் திரைமேல் வைத்திருந்தார். கணினிக்காரர் நேற்றைய சட்டையிலேயே இருந்தார். என்ன சீக்கிரம் என்று கேட்டால், மூன்று பேரும் ஒரே குரலில், "சும்மாதான்" என்றார்கள்.

அப்போதுதான் அட்சரசுத்தத்துக்குள் ஒரு தலைவர் எழுந்து நின்றார். எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்தாக இருக்கலாம்.

"பத்தரை வரைக்கும் யாரும் அகராதிக் கோப்பத் தொடாதீங்க," என்றார். "ஒரு விசையக்கூட அமுக்காதீங்க. நான் பார்த்துக்கறேன்."

மூன்று பேரும் சுட்டுவிட்டதைப் போல விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். அவ்வளவு கீழ்ப்படிதலை அவர் எதிர்பார்க்கவில்லை.

பென்டிரைவைச் செருகினார். போன சனிக்கிழமையின் அகராதி ஒரு கோட்டில் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே ஏறியது. இருபது சதம். முப்பது சதம். ஒரு மணி நேரம் இருக்கிறது, தாராளம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. மணி பத்து.

அறக்கட்டளைத் தலைவி அரை மணி முன்னதாக வந்துவிட்டார். அவர் சொன்ன காரணமும் வாசலிலிருந்து நன்றாகக் காதில் விழுந்தது: அலுவலகத்திலிருந்து வந்த நினைவூட்டலில் அவருடைய நாட்காட்டி பத்து மணி என்றுதான் காட்டியதாம். அட்சரசுத்தத்தின் கண்முன் செவ்வாய்க்கிழமை டிக் போட்ட கட்டம் வந்து நின்றது. "எல்லாக் கோப்புகளிலும்." பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் இருந்த முக்காற்புள்ளியும் நீட்டல் குறியாகியிருக்கிறது, நாட்காட்டி அதை மணி என்றே நினைக்காமல் பத்தோடு நிறுத்திக்கொண்டது. தன் கையாலேயே தன் அரை மணியைத் தின்றிருக்கிறார்.

அப்போது வாசலில் அக்காவின் குரல் எழுந்தது. வருகைப் பதிவேட்டில் விவரம் ஏற்றாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார். இதற்குமுன் அமைச்சர் வந்தபோதுகூட ஏற்றாத விவரம் அது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னதும், கணினியை அதைத் திரும்பப் படிக்கவைத்து, சரிதானா என்று கேட்டார். பிறகு முகவரி, எழுத்து எழுத்தாக. பிறகு வந்த நோக்கம், எழுத்து எழுத்தாக. "அகராதியைச் சோதித்தல்" என்பதில் த் ஒன்றா இரண்டா என்று தலைவியிடமே கருத்துக் கேட்டார்.

எண்பது சதம். நூறு. அட்சரசுத்தம் கட்டளையைத் தட்டினார், இந்த முறை ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுக் கும்பிடாத குறையாக. அடைப்புக்குள் மட்டும். ஐம்பத்தெட்டுக்குப் பதில் எழுநூற்று இருபது. "38,612 இடங்களில் மாற்றப்பட்டது" என்று வந்தது. சேமித்துவிட்டு நிமிர்ந்தபோது, சற்று மூச்சு வாங்கியபடி தலைவி அறைக்குள் வந்தார்.

தலைவி தாமே உட்கார்ந்து "பால்" என்று தட்டினார். அறையில் நான்கு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"பால்," என்றது இயந்திரம்.

இழுக்கவில்லை, குறைக்கவில்லை, காய்ச்சி ஆற்றிக் கையில் கொடுத்ததைப் போல இருந்தது. "காது", "வீடு", "கூடு" என்று தலைவி வரிசையாகப் போட, அது வரிசையாகச் சொன்னது. "காண்க" என்று சொல்லிவிட்டு முக்காற்புள்ளிக்கு ஒரு மூச்சு நின்றுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனது. தலைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைசியாக "வாழைப்பழம்" என்று தட்டினார். தமிழ் பேசுகிறவர்களிலேயே பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் அது. இயந்திரம் நெடிலை நீட்டி, ழ-வை நாக்கு மடித்து, இரண்டாவது ழ-வையும் விடாமல், "வாழைப்பழம்" என்றது.

தலைவி கைதட்டினார். ஆசிரியரம்மா அழுதேவிட்டார். பூதக்கண்ணாடி யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் கணினிக்காரரைக் கட்டிக்கொண்டார். உருப்பெருக்கி இருவருக்கும் நடுவில் நசுங்கியது. இரண்டாம் தொகுதியை அடுத்த மாதமே தொடங்கலாம் என்றார் தலைவி. அட்சரசுத்தம்தான் இனிப் பிரிவுத் தலைவர் என்று ஆசிரியரம்மா அங்கேயே அறிவித்தார். ஜன்னலோரக் கண்ணாடி அறையில் வெயில் விழுந்திருந்தது. அட்சரசுத்தம் அதை ஒரு தரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் ராத்திரி எடுத்த முடிவு முடிவுதான். எழுந்து நின்றார்.

"நான் ஒரு உண்மையச் சொல்லணும். இந்த முக்காற்புள்ளி விஷயத்துல தப்பு..."

"அவருக்குத் தன்னடக்கம் ரொம்ப ஜாஸ்தி," என்று ஆசிரியரம்மா அவசரமாகக் குறுக்கே வந்தார். பூதக்கண்ணாடி கூரை அதிரக் கைதட்டத் தொடங்கினார். கணினிக்காரர், பேசாத கணினிக்காரர், ஒலியை முழுக்கக் கூட்டி "வாழைப்பழம், வாழைப்பழம்" என்று இயந்திரத்தைக் கத்தவிட்டார். அந்தச் சத்தத்திலேயே தலைவியைச் சிற்றுண்டிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அட்சரசுத்தம் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன மனிதர்கள்! தெரிந்தும் தெரியாததைப் போல, தன் மானத்தைக் காப்பாற்ற மூன்று பேரும் எப்படித் துடித்தார்கள். இப்படிப்பட்ட சகாக்கள் யாருக்குக் கிடைப்பார்கள்?

வாசல் மேசைக்குப் போய், அக்காவின் தொலைபேசியிலிருந்தே வீட்டுக்குப் பேசினார். காரியம் ஜெயம் என்றார். மனைவி, தகட்டைக் கழற்றிவிடவா, இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும், ஆனால் நெற்றியில் இடிக்காதபடி கொஞ்சம் ஏற்றி மாட்டச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த அஞ்சு நாளும் என் ரகசியத்தக் காப்பாத்தினீங்களே அக்கா, அத நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்."

அக்கா காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"காப்பாத்தறது பெரிய விஷயமில்ல சார், நாலு பேருமே அவங்கவங்க தட்டினதுல முக்காற்புள்ளிதான் போட்டிருக்கீங்க, கணினிக்காரரு பழசக் கொண்டாந்து கொட்ட, ஆசிரியரம்மா அதுமேல ஒண்ணு சேர்க்க, அத பூதக்கண்ணாடி சார் வெட்ட, மிச்சத்த நீங்க வெட்ட, நாலு பேருக்கும் தனித்தனியா 'நான் யார்கிட்டயும் சொல்லல'ன்னு தினம் ஒரு சத்தியம் பண்ணேன் பாருங்க, அதுதான் கஷ்டம்."